பார்வையிடப்பட்டது

ஐயா, தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன விடயம். உங்களுடைய இந்த வாக்குமூலப் படிவத்தில் என் முழுப் பெயரை மூன்று இடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு மனிதனிடம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டால், முதலில் சொன்னது பிழையோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். பிறந்த திகதிக்கு விட்டிருக்கிற பெட்டியில் ஒரு எறும்புகூடக் கால் நீட்டிப் படுக்க முடியாது. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் தொழில் அது, பார்த்தால் கண்ணில் குத்தும்.

எழுதிவிட்டேன். செல்வநாயகம் தனஞ்சயன், வயது முப்பத்தாறு, ஊர் அடம்பன். இணையத்தள வடிவமைப்பாளர். அரிப்புக் கிராமத்தில் இருக்கிற முத்துக்கரைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தவன். அந்தச் சங்கத்து றோய் ஜனவரி பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, கடலில் இறந்தது பற்றித்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள். அதில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஒருவரும் கூப்பிடாமல் நானே வந்து உங்கள் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முன்பின் மாறாமல் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

பழைய தளத்திலிருந்து தொடங்க வேண்டும். அதைச் செய்தவர் றோய்தான். முப்பது வயது, கடலுக்குப் போகிற ஆள், யாரிடமும் படிக்கவில்லை. போனில் காணொளி பார்த்துப் பார்த்துத் தானாகச் செய்தது. கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தளத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் பின்னணி. அதன்மேல் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் மடு மாதா மின்னி மின்னி மறைவார். ஐஸ் வண்டி எத்தனை மணிக்கு வரும், யாருடைய ஆடு காணாமல் போனது, செபமாலையருடைய முப்பத்தோராம் நாள் பூசை, பழைய வலை விற்பனைக்கு, பிரான்சிஸ்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, எல்லாம் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். முதல்முதல் அதைத் திறந்தபோது எனக்கு எங்கள் வயலில் களை பிடுங்காமல் விட்ட மூலை ஞாபகம் வந்தது.

ஊரில் அதைத் தளம் என்று ஒருவரும் சொல்வதில்லை. பலகை என்பார்கள். யாரும் எழுதலாம். கடவுச்சொல் இல்லை, அனுமதி இல்லை. எழுதி அனுப்பினால் அந்த நொடியே முகப்பில் வந்து நிற்கும், சங்கத்தில் பதிந்த எல்லாருடைய போனிலும் மணி அடிக்கும். மாதாவைத் தவிர வேறு படமே இல்லாதபடியால் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் திறக்கும். கரையிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். பலகை மட்டும் வரும். இதை நான் பிற்பாடுதான் மதித்தேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா.

இந்தப் பலகையோடு ஒரு வழக்கமும் ஒட்டிக்கொண்டு இருந்தது. அது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்காது. கடலில் ஒரு படகு எஞ்சின் நின்றோ வேறு எதுவோ ஆகி மாட்டிக்கொண்டால், அதில் உள்ளவர் பலகையில் ஒரே ஒரு தரம் எழுதுவார். அவ்வளவுதான். பிறகு யாரையும் கூப்பிடமாட்டார், கெஞ்சமாட்டார். பற்றரியைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருப்பார். ஏனென்றால் அந்த வரி வந்ததும் கரையில் உள்ள அத்தனை படகும் இறங்கும். சண்டைக்காரன் படகும் இறங்கும். இரண்டாம் தரம் கூப்பிட்டால் ஊரை நம்பவில்லை என்று அர்த்தமாம், வெட்கக்கேடாம்.

இதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். சங்கத் தலைவர் சிங்கராசா ஐயாவின் மகளுடைய கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோழிக் கறி பரிமாறி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் போன் மணி. ஒரு படகு நிற்கிறதாம். ஐயா, கால் மணித்தியாலத்தில் அந்த மண்டபத்தில் ஒரு ஆம்பிளை இல்லை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிப் பெண்ணின் மடியில் போட்டுவிட்டு ஓடினார். சுவாமியாரும் கரைவரை போனார். நானும் படமெடுக்க வந்தவரும்தான் மிச்சம். நாங்கள் இரண்டு பேரும் எதிரும்புதிருமாக இருந்து சாப்பிட்டு முடித்தோம். கடைசியில் பார்த்தால் எஞ்சினில் வலை சுற்றியிருந்ததாம், அரை மணித்தியாலத்தில் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

சரி, புதுப்பித்தலுக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனம் கரையோரச் சங்கங்களுக்கு நல்ல தளம் செய்து கொடுக்க முன்வந்தது. நான் கொழும்பில் ஏழு வருடம் இந்த வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். முதலாவதாக அரிப்பு. இது சரியாக வந்தால் சிலாவத்துறையிலிருந்து தலைமன்னார் வரை எல்லாக் கரைக்கும் நான்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது பெரிய ஆசை. மறைக்கவில்லை.

மூன்று மாதம் செய்தேன். வெள்ளைப் பின்னணி, கடல்நீல எழுத்து. ஒரு முகப்பில் ஆறு ஏழு விடயத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை, ஐந்தோடு நிறுத்தினேன். மேலே ட்ரோனில் எடுத்த காணொளி, விடியற்காலைக் கடலில் படகுகள் போவது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆடு, வலை, பூசை எல்லாம் அதனதன் பக்கத்துக்குப் போயிற்று. அவசரத் தகவலுக்குத் தனிப் படிவம் வைத்தேன். அதில் எழுதி அனுப்பினால் அனுப்பியவர் நிற்கிற இடம் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தானே பதியும், அவர் நகர நகர அதுவும் நகரும். நிர்வாகி தகவலைத் திறந்ததும் அனுப்பியவருக்குப் ‘பார்வையிடப்பட்டது’ என்று ஒரு பச்சைக் குறி போகும். இந்த நாட்டில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கடிதம் கொடுத்தால் யாராவது பார்த்தார்களா இல்லையா என்று செத்தாலும் தெரியாது. அந்தக் குறியை நான் மிகுந்த அக்கறையோடு செய்தேன்.

ஒரே ஒரு பெரிய மாற்றம், யாரும் எழுதியது நேரே முகப்புக்குப் போகாது. நிர்வாகி பார்த்து அனுமதிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், திறந்த பலகை திறந்த கிணறு மாதிரி. இன்றைக்கு ஆடு காணவில்லை என்பான், நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் பிடித்தான் என்பான். வெளிப்படைத்தன்மை என்பதற்கும் ஒரு வாசலும் கதவும் வேண்டும். தொடக்க விழா முடியும்வரை அந்தக் கதவின் சாவி என் ஒருவனிடம் மட்டும் இருந்தது. விழா அன்றுதான் மேடையில் வைத்து சங்கத்திடம் கொடுப்பதாக ஏற்பாடு.

ஜனவரி முதல் கிழமை தளத்தைப் பொதுக்கூட்டத்தில் காட்டினேன். எல்லாரும் வடிவு வடிவு என்றார்கள். றோய் பின்னுக்கு, கதவோரம் நின்றார்.

“அண்ணை, வடிவாத்தான் கிடக்கு,” என்றார். “கரையில நிண்டு பாக்கிறவனுக்கு. கடலில நிக்கிறவன் என்ன செய்யிறது?”

“அவசரப் படிவம் இருக்குத் தம்பி,” என்றேன்.

“அதுக்கு முதல் உங்கட வீடியோ ஓடி முடியோணும். பிறகு நீங்கள் பாக்கோணும். நீங்கள் நித்திரையெண்டால்?”

கூட்டம் சிரித்தது. சிங்கராசா ஐயாகூடச் சிரித்தார். றோயின் மனைவி சுவேதினி சங்கத்தின் எழுதுவினைஞர், என் பக்கத்தில் இருந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர், அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது, ஐயா. அடம்பனில் நெல்லுக் காய்ந்த வெயிலில் நின்று படித்தவன் நான். மின்னுகிற மாதா படம் போட்ட ஒருவர் எனக்குப் பாடம் சொல்கிறார். ஆனாலும் அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். புதிதாக எதைச் செய்தாலும் முதல் மூன்று மாதம் சனம் திட்டும், பிறகு பழையதை மறந்துவிடும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது.

விழா அன்று ஒரு படகும் கடலுக்குப் போவதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. நாற்பத்தொரு படகுக்கும் காகிதக் கொடி கட்டிக் கரையில் வரிசையாக நிறுத்துவது, விருந்தினர் வந்து பார்ப்பது. கொடி கட்ட மாட்டேன் என்று சொன்னது ஒருவர்தான்.

“என்ர படகென்ன தேரோ,” என்று கேட்டாராம். விடிவதற்கு முன்பே மச்சான் மில்ரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மில்ரன், சுவேதினியின் தம்பி, இருபத்துநாலு வயது. ஆக, அன்று அந்தக் கடலில் இருந்த ஒரே படகு றோயினுடையது. அன்றைக்கு வாடைக் காற்றும் கொஞ்சம் கூட. வாடை என்றால் எங்கள் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. நிற்கிற படகைக் கரைப்பக்கம் விடாது, வெளியேதான் கொண்டுபோகும்.

பழைய பலகையை முதல்நாள் இரவே நிறுத்திப் புதிய தளத்தை ஓடவிட்டிருந்தேன். காலை ஆறு நாற்பதுக்கு நான் சங்க மண்டபத்தில் புரொஜெக்டரைப் பொருத்திக்கொண்டிருந்தேன். லப்டொப்பில் ஒரு ஒலி. புதிய படிவத்தில் வந்த முதலாவது தகவல். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. திறந்தேன். ‘எஞ்சின் நிண்டிட்டுது. வாடை கூட. ரெண்டு பேர். றோய்.’

பச்சைக் குறி போயிற்று. அது நான் செய்த ஒழுங்கு, தானாகப் போகும்.

மில்ரன் உங்களிடம் சொல்லியிருப்பார், அந்த ஒரு தகவலை அனுப்ப அவர்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று. காணொளி இறங்கவே பதினொரு நிமிடமாம். பிறகு, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, வீதிச் சமிக்ஞை விளக்கு உள்ள படங்களைத் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறது. பழைய தளத்தில் கண்டகண்ட விளம்பரக் குப்பை விழும், அதைத் தடுக்க நான் வைத்த பூட்டு அது. அரிப்பில் ஏது ஐயா சமிக்ஞை விளக்கு. எஞ்சின் நின்ற படகில், அலை அடித்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் தலையைச் சேர்த்துவைத்துக்கொண்டு விளக்குத் தேடியிருக்கிறார்கள். முதல் தரம் பிழையாகிவிட்டதாம். றோய் விழுந்து விழுந்து சிரித்தாராம். காணொளியின் பாரம், அந்தப் பூட்டு, இரண்டும் என் பிழை. தாராளமாக எழுதுங்கள். இரண்டையும் அடுத்த கிழமையே திருத்திவிட்டேன். இப்போது தளம் மூன்று நொடியில் திறக்கிறது.

முதல் விசாரணையில், சங்கத்தார் கேட்டபோது, நான் ஒன்று சொன்னேன். றோய் விழாவைக் குழப்பத்தான் விளையாட்டுக்கு அனுப்பினார் என்று நினைத்தேன் என்றேன். ஆடத் தெரியாதவர்தானே மேடை கோணல் என்பார், அந்தக் கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தேன் என்றேன். அதைச் சனம் ஓரளவு நம்பியது. ஆனால் அது சரியில்லை. ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன், அவ்வளவுதான். பிறகு வரைபடத்தைத் திறந்தேன். சிவப்புப் புள்ளி கரைக்கு மேற்கே பதினேழு கிலோமீற்றரில் இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தென்மேற்கே சரிந்தது. எஞ்சின் ஓடுகிற படகு அப்படிப் போகாது, அது வயல்காரனுக்கும் தெரியும்.

அனுமதிக்கிற பொத்தான் என் விரலுக்கு நேரே இருந்தது. பச்சை நிறம், வட்ட மூலை, நான் வரைந்ததுதான். அமத்தினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது படகும் கொடியோடு இறங்கும். ஏழே முக்காலுக்கெல்லாம் அந்தப் புள்ளியைப் போய்த் தொட்டுவிடும். பிறகு இழுத்துக்கொண்டு மெல்ல வரவேண்டும், பதினொன்றாகும், பன்னிரண்டாகும். கொழும்பிலிருந்து எட்டு மணித்தியாலம் வாகனத்தில் வந்த தொண்டு நிறுவனத்தார் இரண்டு பேர் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்தக் கல்யாண மண்டபம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பதறாத காரியம் சிதறாது என்று அப்பா சொல்வார். கடல் ஒன்றும் அப்படிக் கொந்தளிக்கவில்லை, படகு நல்ல பைபர் படகு, இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியும். விழா முடிந்ததும் அமத்தலாம் என்று நினைத்தேன். பகல் பன்னிரண்டரை என்று மனதில் நேரம் குறித்துக்கொண்டேன். அமத்தவே மாட்டேன் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. இதைக் கவனமாக எழுத வேண்டும்.

எட்டேகாலுக்கு இரண்டாவது வந்தது. ‘அண்ணை, நீங்கள் பாத்திட்டதா காட்டுது. வெளிக்கிட்டிட்டாங்களோ?’

அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். அந்த ஊரில் இரண்டாம் தரம் ஒருவரும் கேட்பதில்லை என்றுதானே சொன்னேன். ஊரிடம் அவர் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டிருக்கிறார். நான் பதில் போடாமல் விடவில்லை. நிர்வாகிக்கென்று ஆயத்தமாக எழுதி வைத்த பதில்கள் மூன்று இருந்தன, அதில் ஒன்றை அனுப்பினேன். ‘உங்கள் தகவல் கிடைத்தது. நடவடிக்கை எடுக்கப்படுகிறது. பொறுமைக்கு நன்றி.’ மில்ரன் அதைப் பற்றியும் சொன்னார். அந்தப் பதிலைப் பார்த்தபிறகு றோய் வேறு யாரையும் கூப்பிட முயலவில்லையாம். பற்றரி பத்தொன்பது வீதம்.

“பாத்திட்டாங்கள். வெளிக்கிட்டிருப்பாங்கள். இனி ஏன் பற்றரியைக் கரைக்கோணும்,” என்று சொல்லிவிட்டு, புள்ளி மட்டும் தெரியட்டும் என்று போனைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, மச்சானுக்குப் பாண் பிய்த்துக் கொடுத்தாராம். பிறகு இரண்டு பேரும் கரைப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம்.

ஒன்பதரைக்கு சுவேதினி வந்தார். நீலச் சேலை கட்டி, விளக்கேற்றுவதற்குத் திரியெல்லாம் போட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணை, இவர் விடியப் போனவர், போன் எடுக்கிறாரில்லை. பலகையில ஏதும் வந்ததோ?”

“பலகை சுத்தமா இருக்குத் தங்கச்சி,” என்றேன். லப்டொப்பைத் திருப்பி முகப்பையும் காட்டினேன். சுத்தமாகத்தான் இருந்தது, ஐயா. ஐந்தே ஐந்து விடயம்.

“அப்ப பிரச்சினையில்லை,” என்றார். “பலகையில இல்லாட்டி ஒண்டுமில்லை. கோவத்தில எடுக்கிறாரில்லைப் போல.” அவருடைய முகம் தெளிந்துவிட்டது. போய் விருந்தினருக்குத் தேநீர்க் கோப்பை அடுக்கினார். ஒருவருக்கு மனநிம்மதி கொடுப்பதும் நல்ல வடிவமைப்பின் வேலைதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போது அப்படிச் சொல்வது அவ்வளவு சரியாகப் படவில்லை.

விழா நல்லபடி நடந்தது. பன்னிரண்டரைக்கு முடியும் என்று நினைத்தது, பேச்சுகள் நீண்டு, சாப்பாடு வந்து, விருந்தினர் படகு வரிசைக்கு முன்னால் நின்று படமெடுத்து, ஒன்றரையாகிவிட்டது. அவர்களுடைய வாகனம் சந்தி திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஒன்று நாற்பதுக்குப் பொத்தானை அமத்தினேன். அந்த ஊர்க்காரரைப் பாராட்ட வேண்டும். இருபது நிமிடத்தில் கரை வெறுமை. காகிதக் கொடியைக் கழற்றக்கூட ஒருவரும் நிற்கவில்லை, கலர்கலராகப் பறக்கப் பறக்க நாற்பது படகும் போயிற்று. ஆனால் புள்ளி பதினொன்று ஐம்பதோடு நின்றுவிட்டிருந்தது, சிக்னல் எல்லைக்கு வெளியே. எந்தப் பக்கம் என்று தேடத் தேட இருட்டிவிட்டது. மறுநாள் காலை மில்ரனைக் கண்டார்கள், வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி. படகுக்குள் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தது பின்னேரம் இரண்டு மணியளவில் என்றார். கான் ஒன்றுதான் இருந்ததாம். மூன்றாம் நாள் றோயைக் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்கு நானும் போனேன். பின்னுக்கு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது.

சுவேதினி இன்னும் சங்கத்தில் வேலை செய்கிறார். முதல் தகவலோடு நான் வரைபடத்தையும் திறந்து பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது. கணினியில் எல்லாப் பதிவும் இருக்கிறது, ஒரு வரிகூட நான் அழிக்கவில்லை. பதிவை அழிப்பது தொழில் தர்மத்துக்கு விரோதம். போன கிழமை அவர் என்னிடம் நிர்வாகிப் பக்கத்தின் கடவுச்சொல்லைக் கேட்டார். விழாவில் கொடுக்க வேண்டியது, இன்னும் கொடுக்கவில்லை. அதுதான், அவர் பார்ப்பதற்கு முதல் உங்களிடம் சொல்வது முறை என்று வந்தேன்.

வேறு யாருக்காவது அன்றைக்கு இது தெரியுமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு விளங்கிவிடும்.

பதினொன்றேகாலுக்கு என் செய்முறை விளக்கம். பெரிய திரை, பன்னிரண்டு அடி. முகப்பு, ஐஸ் வண்டி, பூசை நேரம், எல்லாம் காட்டினேன். கொழும்பிலிருந்து வந்த நிறுவனத்து அம்மா கையை உயர்த்தினார்.

“அந்த வரைபடத்தைக் காட்டுங்களேன். உண்மையிலேயே ஒரு படகை அதில் பார்க்கலாமா?”

எனக்குக் கொஞ்சம் சிக்கல். காட்டுவதற்கென்று சிங்கராசா ஐயாவின் படகைக் கடலில் விடுவதாகத்தான் முதலில் ஏற்பாடு, ஆனால் அதற்கும் கொடி கட்டிக் கரையில் நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லை. நிர்வாகிப் பக்கத்தைத் திறந்தேன். பெயரும் தகவலும் தெரியாமல் மறைக்கிற வசதி இருக்கிறது, தனிப்பட்ட விபரம் வெளியே போகக் கூடாது என்று வைத்தது, அதைப் போட்டேன். வரைபடம் மட்டும் திரையில் விரிந்தது. நீலக் கடல், நடுவில் சிவப்புப் புள்ளி. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மெல்ல ஒரு துளி நகர்ந்தது. தடுமாற்றம் இல்லை, பிந்தல் இல்லை. அவ்வளவு தூரத்தில், அவ்வளவு குறைந்த சிக்னலில். என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அவ்வளவு திறமாக வேலை செய்ததில்லை.

மண்டபம் கை தட்டியது. சிங்கராசா ஐயா மட்டும் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார்.

“தம்பி, அது ஆரின்ர படகு? போற மாதிரி இல்லையே, இழுபடுற மாதிரியெல்லோ கிடக்கு.”

“மாதிரிக்குப் போட்ட புள்ளி ஐயா,” என்றேன். “உண்மைப் படகில்லை.”

அவர் இன்னும் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல, இருந்துவிட்டார். நான் அதை மூடவில்லை. அந்த அம்மா படமெடுக்க வேண்டும் என்று கேட்டார், விட்டேன். சுவேதினி முன்வரிசையில் இருந்தார். கடைசிவரை கை தட்டியது அவர்தான்.

ஆகவே ஐயா, வேறு என்னவென்றாலும் எழுதுங்கள், ஒளித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நூற்று எண்பது பேர் இருந்த மண்டபம். அவர் போவதை எல்லோருக்கும் காட்டினேன்.